அறுபது வண்டிக்கு இடம் விட்ட வீதி

கரட்டுக்குளத்தில் குளத்து வீதி என்று ஒரு வீதி. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் பிள்ளையார் கோயிலை ஒட்டித் தொடங்கி, நேராகத் தெற்கே போய், குளத்துக் கரையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். குறுக்குச் சந்து கிடையாது, சுற்று வழி கிடையாது, போனால் போன வழியேதான் திரும்ப வேண்டும். காலடிக் கணக்கில் மொத்தம் முந்நூறு எட்டு, வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம் என்றிருந்த அதே வீதியில், இன்றைக்குத் தபால்காரர் காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்று நேரத்துக்குத்தான் கடைசி வீட்டு வாசலை மிதிக்கிறார் என்றால், அதற்குக் காரணம் நாச்சிமுத்துவும் அவருடைய பச்சை மோரிஸ் காரும்தான். வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை.

நாச்சிமுத்து வீடு வீதியின் முதல் வீடு. அவர் சம்சாரம் பரிமளா இருப்பது வீதியின் கடைசி வீடு, குளத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் அவள் அண்ணன் துரைசாமியின் வீடு. ஒரே வீதியில் புருஷன் ஒரு கோடி, பொண்டாட்டி ஒரு கோடி என்று ஆகி, இதெல்லாம் தொடங்கிய சமயத்தில் ஐந்து வருஷம் முடிந்திருந்தது. அடிதடியா, குடியா, கூத்தியாளா, ஒன்றும் கிடையாது. பரிமளாவின் அம்மா அந்தக் கடைசி வீட்டில் இறந்துபோன அன்றைக்கு நாச்சிமுத்து பக்கத்து ஊர் கார் கண்காட்சியில் மோரிஸை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார். அங்கே ஒரு விதி உண்டு. நடுவர்கள் வந்து பார்க்கும்வரை சொந்தக்காரர் பானெட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்குப் பரிமளா போனில் அழுதபோது, "இதோ வந்துர்றன் அம்மணி, நடுவருங்க ரெண்டு வண்டி தள்ளித்தான் நிக்கறாங்க" என்றார். அந்த ரெண்டு வண்டியில் இருந்த ஒவ்வொரு திருகாணியையும் நடுவர்கள் மண்டி போட்டுப் பார்த்தார்கள். நாச்சிமுத்து கையில் கோப்பையோடு வந்து இறங்கியபோது மணி நாலு. பிணத்தை மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள்.

பரிமளா கோப்பையைப் பார்த்தாள், அவர் மூஞ்சியைப் பார்த்தாள், உள்ளே போனவள்தான். காரியம் முடிந்தும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. இவராவது நேரில் போய் வா என்று கூப்பிட்டாரா? கூப்பிடவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு மோரிஸைத் துடைக்கிற சாக்கில் வாசலில் நிற்பார். தெற்குக் கோடியில் அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட வருவாள். என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்று பார்த்துக்கொள்வார். "இன்னைக்கு ஊதா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவார். முந்நூறு எட்டு இருந்தது. அந்த மனுஷன் ஒரு எட்டு வைத்தாரா? நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இருக்கட்டும், வீதிக் கதைக்கு வருகிறேன். கரட்டுக்குளம் பழங்கார் சங்கம் வருஷா வருஷம் தை மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குளத்து வீதியை மறித்து விழா நடத்தும். மேற்கு ஓரமாக வண்டிகள் வரிசையாக நிற்கும், கிழக்கு ஓரமாகக் கடைகள். கம்மங்கூழும் கரும்புச் சாறும் பஞ்சுமிட்டாயும் ஒரு பக்கம், ஜமாப் மேளமும் ஒயிலாட்டமும் ஒரு பக்கம். வீதிப் பெண்கள் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் கோலம் போடுவார்கள், பானெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், டாட்ஜுக்கும் பிளைமவுத்துக்கும் கண் பட்டுவிடும் என்று பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். சங்கத்துக்காரர்களிடம் இரண்டு வழக்கம் உண்டு. ஊர்வலத்தில் செயலாளர் வண்டிக்கு முன்னால் எந்த வண்டியும் போகாது, இது ஒன்று. இன்னொன்று, வண்டி நிறுத்தும் இடத்தை டேப் வைத்து அளக்க மாட்டார்கள். செயலாளரின் வண்டிதான் அளவு. அதை நிறுத்தி முன்னும் பின்னும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு வண்டி நீளம் நகர்த்தி மறுபடி கோடு போட்டு, இப்படியே வீதி முழுக்கப் போவார்கள்.

பழைய செயலாளர் வைத்திருந்தது கப்பல் மாதிரி ஒரு டாட்ஜ், அதனால் நாற்பது கோடுதான் விழும், எல்லா வண்டியும் தாராளமாக நிற்கும். அவர் மகனோடு பெங்களூர் போய்விட, நாச்சிமுத்து செயலாளர் ஆனார். மோரிஸ் எத்தனை பெரிய வண்டி? முழங்காலை மடக்கி உட்கார வேண்டிய வண்டி. அதை வைத்து அளந்தால் ஐம்பத்தைந்து கோடு வந்தது, மிச்சம் கொஞ்சம் இடம் துரைசாமி வீட்டு வாசலுக்கு நேரே இருந்தது, அங்கே போய் வண்டியை நிறுத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு அங்கே இன்னும் ஐந்து நிற்கும் என்று கண்ணாலேயே அளந்துவிட்டு, "அறுவதுங்க!" என்று அறிவித்தார். சங்கத்தில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும், வந்தும் இருக்கும், ஆனால் கேட்கவில்லை. அவர்களுக்குள் ஒருத்தர் வண்டியின் நீளத்தைச் சந்தேகப்படுவதும் ஒருத்தர் குடும்பத்தைச் சந்தேகப்படுவதும் ஒன்றுதான். அறுபது பேருக்குக் கடிதம் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபதும் வந்தன. நாற்பதாவது வண்டி நின்றபோதே வீதி நிறைந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்றாவதாக ஒரு வெள்ளை ஆஸ்டின் வந்தது, நின்றது. நாற்பத்திரண்டாவது வந்தது, அதுவும் நின்றது. பஸ்ஸில் வயசானவர் ஏறினால் நாம் கொஞ்சம் நகர்ந்து உட்காருவோமே, அப்படி வீதி நகர்ந்து நகர்ந்து இடம் விட்டது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. பஞ்சுமிட்டாய்க்காரர் மட்டும் இன்றைக்கு என்னவோ கால் கடுக்கிறது என்று சொன்னார். சாயந்திரம் வண்டிகள் குளத்து மேட்டில் திரும்பி வந்த வழியே போய்விட்டன. விட்ட இடத்தை வீதி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எந்தெந்த வண்டி எங்கெங்கே நின்றதோ அங்கங்கே, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், அந்த வண்டி நீளத்துக்கு ஒரு வெற்றிடம், எத்தனையோ வருஷமாக அங்கேயே கிடந்த மாதிரி எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது.

மறுநாள் திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பினார்கள், அவ்வளவுதான். சர்வேயர் வந்து சங்கிலி போட்டு இரண்டு தடவை அளந்துவிட்டு, சங்கிலி சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். ஒரே சுவரை நடுவில் வைத்துக்கொண்டு பத்து வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு சுவர் ஆகிவிட, இரண்டு பேரும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மதில் மேலே குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் கயிறு கட்டி, குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றி இழுத்துக்கொண்டார்கள். வெற்றிடங்களுக்கு அங்கே நின்ற வண்டியின் பெயரே நின்றது. டாட்ஜ் சந்து, ஆஸ்டின் சந்து, பிளைமவுத் சந்து. கல்யாணப் பத்திரிகையில் "ஆஸ்டின் சந்து எதிரில்" என்று அச்சடித்தார்கள். டாட்ஜ் சந்தில் ஒரு டீக்கடை வந்தது, ஃபியட் சந்தில் ஒருத்தர் மாடு கட்டினார், செவர்லே சந்தில் இரண்டு அறை போட்டு வாடகைக்கே விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "ஏனுங்க, உங்க பெரீப்பன் வூட்டு அம்பாசடரு சும்மாதான நிக்குது, ஞாயித்துக்கெழம ஒரு எட்டு ஓட்டிட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்தச் சொல்லுங்களேன்" என்று ஒறம்பரை உறவுக்கெல்லாம் போன் பறந்தது. புது வண்டிக்கு வீதி மசியவில்லை. பழைய வண்டி வந்து நின்றால் மட்டும் மரியாதையாக இடம் விட்டது. ஆடி முடிவதற்குள் வீதி ஒரு கிலோமீட்டர் ஆனது, கார்த்திகைக்குள் மூன்று ஆனது. ஜாபர் பாய் பிள்ளையார் கோயிலுக்கும் குளத்துக்கும் ஷேர் ஆட்டோ விட்டார். இரண்டாவது ரேஷன் கடை வந்தது. நாச்சிமுத்துவை எங்கே பார்த்தாலும் ஜனங்கள் கும்பிட்டார்கள், பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு மட்டும் பதினேழு கட்டுக் கரும்பு வந்தது.

நாச்சிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விழா முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பார்த்தார். பரிமளா மாடிக்கு வந்தாள், ஆனால் கட்டியிருந்தது பச்சையா நீலமா என்று தெரியவில்லை. சித்திரையில் மாடியில் யாரோ நிற்பது தெரிந்தது, பரிமளாவா கோமதியா என்று தெரியவில்லை. கோமதி துரைசாமியின் சம்சாரம், இரண்டு பேரும் ஒரே உயரம். ஆவணியில் மாடி தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கார்த்திகையில் மாடியே தெரியவில்லை, அதன் மேலே இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மட்டும் மிளகு அளவுக்குத் தெரிந்தது. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், சோற்றில் கை வைத்துவிட்டு எதையோ மறந்த மாதிரி வாசலுக்கு ஓடினார். பக்கத்திலே இருந்தவரைக்கும் என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்த மனுஷன், தூரமாகப் போகப்போக இன்றைக்கே போக வேண்டும் என்று துடித்தார்.

"ஏறுங்கண்ணா, பத்து நிமிசம், கொண்டுபோயி வாசல்ல எறக்கி உடறன்" என்று ஜாபர் பாய் தினமும் கூப்பிட்டார்.

"காரு வெச்சிருக்கறவன் மாமனார் வூட்டுக்கு ஷேர் ஆட்டோவுல போயி எறங்கறதாங்க பாய்? அக்கட்டால போங்க" என்பார் நாச்சிமுத்து. ஆட்டோ நகர்ந்ததும் பின்னாலேயே நாலு எட்டு ஓடி, "பாய், அவ எப்படி இருக்கறா?" என்று கேட்பார்.

"அக்கா நல்லாத்தான் இருக்குது. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேக்கல."

மார்கழியில் ஒருநாள் ஜாபர் பாய் ஆட்டோவை அவராகவே நிறுத்தினார். "இன்னைக்கு அக்கா கேட்டுச்சுங்கண்ணா. 'உங்க செயலாளரு இந்த வருசம் எத்தனை வண்டின்னு முடிவு பண்ணீட்டாரா'ன்னு கேட்டுச்சு. வேற ஒண்ணுங்கேக்கல."

அன்றைக்கு நாச்சிமுத்து சாப்பிடவில்லை.

எத்தனை வண்டி என்பதை வீதிக்காரர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். கவுன்சிலர் லோகநாயகி நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நாச்சிமுத்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். "செயலாளருங்க, இந்தத் தடவை இருநூறு வண்டிங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இருநூறு வந்துட்டா வீதிய ரெண்டாப் பிரிச்சுரலாமுங்க. வடக்குப் பாதி நம்ம ஊரு, தெக்குப் பாதி புதுசா ஒரு ஊரு. தனி பின்கோடு, தனி பள்ளிக்கூடம்."

"வேண்டாமுங்க," என்றார் நாச்சிமுத்து. "வீதி தாங்காதுங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. தாங்குவதைத் தவிர அந்த வீதிக்கு வேறென்ன தெரியும்? நாச்சிமுத்துவுக்கு வாய் வரைக்கும் வந்தது. என் பொண்டாட்டி வேற ஊர்க்காரி ஆயிருவாளுங்க, அப்புறம் நான் யாரைப் பார்க்க வாசலில் நிற்பேன் என்று கேட்க வந்தது. அறுபத்தொரு வயசில், நாற்பது பேர் முன்னால், அதுவும் பொம்பளைகள் இருக்கிற இடத்தில் எப்படிக் கேட்பது? பேனாவைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தை மூன்றாவது ஞாயிறு விடிந்தபோது பிள்ளையார் கோயில் முன்னால் இருநூறு வண்டிகள் நின்றன. சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவை, துடைத்துத் துடைத்து மூஞ்சி தெரியும்படி வைத்திருந்தவை. ஆட்டோக்களை அன்றைக்கு உள்ளே விடவில்லை. கிழக்கு ஓரம் முழுக்க, மூன்று கிலோமீட்டருக்கு, கடைகளும் கூடாரங்களும் ராட்டினமும். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மோரிஸில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. நான் முன்னால போயி ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துர்றன், அப்புறம் நீங்க வரலாம்" என்றார். லோகநாயகி கடிகாரத்தைப் பார்த்தார். யாரைக் கூட்டி வரப் போகிறார் என்று ஜாபர் பாய்க்கு மட்டும் தெரிந்தது.

ஆறு மணிக்கு மோரிஸ் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது கியர், மூன்றாவது கியர்; டாட்ஜ் சந்து போனது, ஆஸ்டின் சந்து போனது, பிளைமவுத் சந்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து கும்பிட்டுப் பின்னால் போனார்கள், ராட்டினம் போனது, கூடாரங்கள் போயின. தூரத்தில் கறுப்புத் தொட்டி மிளகு அளவுக்குத் தெரிந்தது, மிளகு அளவிலேயே இருந்தது. நாச்சிமுத்து வேகத்தைக் கூட்டினார். அதுவரைக்கும் நின்ற வண்டிக்கு மட்டும் இடம் விட்டுக்கொண்டிருந்த வீதி, ஒரு வருஷப் பழக்கத்தில் செயலாளர் வண்டிக்கு மட்டும் ஓடும்போதே விட ஆரம்பித்திருந்தது. மோரிஸ் ஒரு வண்டி நீளம் போனால் முன்னால் ஒரு வண்டி நீளம் மண் விரிந்தது, கண்ணுக்கு நேரே எருக்கஞ்செடி முளைத்தது, வண்டி தாண்டியதும் அந்த மண் பின்னால் சுருங்கிக்கொண்டது. இவர் நாற்பதில் போனால் வீதியும் நாற்பதில் போனது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், வியர்த்து ஊற்றி வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, கடைசியில் ஒரு பொரிகடலைக் கடைக்கு முன்னால் நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார்.

தொட்டி அங்கேயே இருந்தது. ஓட்டினால் போய்ச் சேர முடியாது என்று புரிந்தபோது அவருக்கு முதலில் வந்தது கோபம், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அடித்தார். அப்புறம் பயம் வந்தது. முப்பது வருஷமாக அந்த வண்டியைப் பூட்டாமல் ஓர் இடத்தில் விட்டவர் இல்லை. கோயிலுக்குப் போனால் சாமியைப் பாதி வண்டியைப் பாதி பார்த்துவிட்டு வந்தவர். இன்னும் சற்று நேரத்தில் இருநூறு பேர் இந்த வழியாக வருவார்கள், தொடுவார்கள், சாய்வார்கள், பிள்ளைகளைப் பானெட்டில் ஏற்றிப் போட்டோ எடுப்பார்கள். கை கதவுப் பிடியில் இருந்தது, இறங்க வரவில்லை. தூரத்தில் முதல் வண்டியின் ஹாரன் கேட்டது. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது, லோகநாயகி கொடியை அசைத்துவிட்டார்.

நாச்சிமுத்து இறங்கினார். இறங்கினது தெரியும், நடந்தது தெரியும், அப்புறம் ஓடினது தெரியும். மேற்கு ஓரமாகவே ஓடினார், வீட்டு வாசல்களில் நின்றவர்கள் "என்னுங்க செயலாளரே, வண்டி எங்கீங்க?" என்று கேட்டார்கள். காலுக்கு வீதி நீளவில்லை. தொட்டி மிளகிலிருந்து சுண்டைக்காய் ஆனது, எலுமிச்சை ஆனது, பானை ஆனது, கடைசியில் தொட்டியே ஆனது. பின்னால் ஹாரன் சத்தம் விடாமல் வந்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் ஊர் இன்னும் ஒரு வண்டி தூரம் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினார். எட்டரை மணிக்குத் துரைசாமி வீட்டு வாசலில் போய் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோமதி ஓடி வந்தாள். "அண்ணா! வாங்கண்ணா, நடந்தா வந்தீங்க? ஐயோ, மொதல்ல உக்காருங்க."

"பரிமளா எங்க?"

"அவ ஆறு மணிக்கே கெளம்பீட்டாளேங்கண்ணா."

"எங்க போனா?"

"எங்கயா? உங்க வூட்டுக்குத்தானுங்க! 'இன்னைக்கு உட்டா இனி அவரு மொகத்தப் பாக்க முடியாதுங்க அண்ணி, இருநூறு வண்டி வருதாமா'ன்னு சொல்லிட்டு, செருப்புக்கூடப் போடாம நடந்து போனாளுங்க. நீங்க வழியில பாக்கலியா?"

எப்படிப் பார்ப்பது? அவள் வெயிலுக்குக் கிழக்கு ஓரமாகக் கூடாரங்களுக்குப் பின்னால் நடந்திருப்பாள், இவர் மேற்கு ஓரமாக ஓடி வந்தார். நடுவில் மூன்று கிலோமீட்டர் பஞ்சுமிட்டாய். இப்போது அவள் அவர் வீட்டுக்குப் போவாள், வண்டி நிற்கிற இடம் காலியாக இருக்கும், இன்றைக்கும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைப்பாள், வேறென்ன நினைப்பாள்? அதற்குள் இருநூறு வண்டியும் நின்றுவிட்டால் அவள் ஒரு ஊர், இவர் ஒரு ஊர். கோமதி கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டுப் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு நாச்சிமுத்து திரும்பி ஓடினார். ஓட முடியாதபோது நடந்தார், நடக்க முடியாதபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், நிற்க முடியாமல் மறுபடி நடந்தார். ஆறு வருஷமாகப் போகாத வழியை ஒரே காலையில் இரண்டு தடவை அளந்தார்.

பொரிகடலைக் கடை தெரிந்தபோது ஜமாப் சத்தம் நின்றிருந்தது. மோரிஸ் விட்ட இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால், கண்ணுக்கு எட்டின மட்டும், இருநூறு வண்டிகள் ஓரங்கட்டாமல் நடுவீதியிலேயே வாலோடு மூக்கு முட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லோகநாயகி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "ஏனுங்க செயலாளரே, மூணு மணி நேரமுங்க! உங்க வண்டியத் தாண்டிப் போகக்கூடாதுன்னு சங்கத்துக்காரங்க ஒத்தக் கால்ல நிக்கறாங்க. சரி தள்ளீரலாம்னா, உள்ள உங்கூட்டுக்காரம்மா உக்காந்துட்டு, அவரு வரட்டும்ங்கறாங்க. நீங்களே சொல்லுங்க!"

திறந்து கிடந்த கதவு வழியாகக் காலை வெளியே தொங்கவிட்டு, டிரைவர் சீட்டில் பரிமளா உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வரைக்கும் புழுதி. முடி நிறைய நரைத்திருந்தது. மாடியில் இருந்தவரைக்கும் அது தெரியவில்லை. நாச்சிமுத்து பக்கத்தில் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

"சாவி உள்ளயே இருக்குதுங்க," என்றாள். ஆறு வருஷத்தில் அவள் அவரோடு பேசின முதல் பேச்சு.

"மறந்துட்டன்."

"கதவும் தெறந்து கெடந்துச்சு."

"ம்."

"ஆரோ கொழந்தை பானெட்டு மேல ஏறி நின்னுச்சு. கீறல் உழுந்துருச்சுங்க."

"உழுகட்டும்."

பரிமளா அப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நாச்சிமுத்து இருநூறு வண்டிக்காரர்களும் கவுன்சிலரும் கேட்கும்படி சொன்னார். "அன்னைக்கு நான் வந்திருக்கோணும் பரிமளா. அந்தக் கருமம் புடிச்ச கோப்பைக்காக நின்னுட்டன். தப்பு எம்மேலதான். ஆறு வருசமா இதச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை."

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அன்னைக்கு ஒம்போது மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணீட்டு வாசல்ல வந்து நின்னனுங்க," என்றாள் பரிமளா. "எங்கண்ணன் வூடு கண்ணுக்குத் தெரியுது, அழுகற சத்தங் காதுல கேக்குது, நடந்தா அஞ்சு நிமிசம். ஆனா நீங்க வந்துர்றன்னு சொன்னீங்க. எங்கம்மா போயிட்டா, அண்ணன் ஆள் உட்டுக் கூப்புட்டும் நான் புருசனோட வந்து எறங்கோணும்னு நின்னன். மூணு மணிக்கு இனி வரமாட்டீங்கன்னு தெரிஞ்சு ஓடுனன். நான் போயிச் சேர்றதுக்குள்ள மொகத்த மூடீட்டாங்க. கடைசியா எங்கம்மா மொகத்த நான் பாக்கலீங்க."

நாச்சிமுத்துவுக்கு இது தெரியாது. அவள் போன் செய்த உடனே போயிருப்பாள் என்றுதான் அவர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு, பச்சைப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை. லோகநாயகி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரிமளா காலை உள்ளே எடுத்துக்கொண்டு, இடது பக்க சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏறுங்க," என்றாள்.

"வேண்டாம் பரிமளா. வண்டிய எடுத்தா வீதியும் கூடவே வருது. தொட்டி கண்ணுக்குத் தெரியும், கிட்ட வராது. எத்தனை நேரம் ஓட்டுனாலும் போயிச் சேர முடியாது. வா, நடந்து போயிரலாம்."

"நடந்து நான் அன்னைக்கே போயிட்டனுங்க," என்றாள் அவள். "எங்கம்மா வூட்டுக்கு நீங்க என்னைய வண்டியில கூட்டிட்டுப் போகோணும். இன்னைக்குப் போயிச் சேந்தாலுஞ் சரி, சேரலீன்னாலுஞ் சரி. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறன்."

நாச்சிமுத்து ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்ப மோரிஸ் உறுமியது, பின்னால் இருநூறு வண்டிகளும் உறுமின, அவர் கியரைப் போட்டு முன்னால் எடுக்க, வீதி நகர்ந்து இடம் விட்டது.